சம்பளம் தராத தேசம், ஓடிப்போன வீரர்கள்: அமெரிக்காவின் முதல் ராணுவத்துக்கு என்ன ஆனது?

உங்கள் ஆஃபர் லெட்டரில் ஒரு வரி இருக்கிறது: ‘3 ஆண்டுகள் அல்லது போர் முடியும் வரை பணி’. நீங்களும் கையெழுத்துப் போடுகிறீர்கள். 3 ஆண்டு முடிந்ததும் மூட்டையைக் கட்டுகிறீர்கள். ‘போர்தான் இன்னும் முடியலையே, எங்க கிளம்பிட்டீங்க?’ என்று நிறுத்துகிறது நிர்வாகம்.

எது முதலில் வருகிறதோ அதுவரை வேலை என்பது உங்கள் கணக்கு. எது கடைசியில் வருகிறதோ அதுவரை என்பது அவர்கள் கணக்கு. யார் சொல்வது சரி?

இந்தக் குழப்பத்தால்தான் 1781 புத்தாண்டு இரவில், அமெரிக்காவின் சுதந்திரப் போராட்ட ராணுவத்தில் சுமார் 1,500 வீரர்கள் துப்பாக்கியோடு முகாமை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் கிளம்பியபோது ஓராண்டு சம்பளம் பாக்கி!

அமெரிக்க சுதந்திரப் போர் என்றாலே பாஸ்டன் தேநீர் விருந்து, ஜார்ஜ் வாஷிங்டன், சுதந்திரப் பிரகடனம் என்று ஒரு ஹீரோ கதைதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்த ராணுவத்தில் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் படையை விட்டு ஓடினார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. ஐந்து பேரில் ஒருவராவது ஓடியிருக்கிறார்! எல்லோரும் பயந்தாங்கொள்ளிகளா? அல்லது வேறு ஏதாவது காரணமா? விரிவாகப் பார்க்கலாம்.

ராணுவமே வேண்டாம் என்று தொடங்கிய நாடு

1775 ஏப்ரல் 19. மாசசூசெட்ஸில் உள்ள லெக்சிங்டன், கான்கார்டு ஆகிய ஊர்களில் பிரிட்டிஷ் படைக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை வெடித்தது. அன்று சண்டை போட்டவர்கள் மிலிஷியா எனப்படும் ஊர்க்காவல் படையினர். விவசாயி, கொல்லர், கடைக்காரர் என்று சாதாரண ஆட்கள். ஆபத்து வந்தால் துப்பாக்கியை எடுப்பார்கள், முடிந்ததும் வயலுக்குத் திரும்புவார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஜூன் 14-ம் தேதி 13 காலனிகளின் பொதுச்சபையான கான்டினென்டல் காங்கிரஸ், கான்டினென்டல் ஆர்மியை உருவாக்கியது. மறுநாளே வாஷிங்டன் தலைமைத் தளபதி ஆனார்.

பிரச்சினையும் அன்றே ஆரம்பித்துவிட்டது. நிரந்தர ராணுவம் என்ற வார்த்தையே அந்தத் தலைவர்களுக்கு ஆகாது. ஊருக்குள் நிறுத்தப்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் 1770-ல் பாஸ்டன் தெருவில் மக்களைச் சுட்டதை அவர்கள் மறக்கவில்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கும் படை ஒன்று எப்போதும் கையில் இருந்தால், நாளைக்கு அதே துப்பாக்கி நம் பக்கம் திரும்பாது என்று என்ன நிச்சயம்? இதுதான் அவர்களின் பயம்.

அதனால் முதல் வீரர்களின் ஒப்பந்தம் 1775 டிசம்பரோடு முடிகிற மாதிரி போடப்பட்டது. டிசம்பரும் வந்தது. பாஸ்டனை முற்றுகையிட்டிருந்த வாஷிங்டனின் கண் முன்னால், கனெக்டிகட் வீரர்கள் ‘எங்க டைம் முடிஞ்சுது’ என்று கிளம்பிவிட்டார்கள். எதிரி எதிரே நிற்கும்போதே பழைய படையைக் கலைத்துவிட்டுப் புதிய படையைச் சேர்க்கவேண்டிய நிலை அவருக்கு.

அடுத்த ஆண்டு நிலைமை இன்னும் மோசம். 1776 ஆகஸ்ட் 27-ல் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சண்டையில் பெரிய தோல்வி. அதன் பிறகு ஊர்க்காவல் படையினர் கூட்டம் கூட்டமாக வீட்டைப் பார்த்து நடந்தார்கள். குறுகிய கால ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு போர் நடத்த முடியாது என்று வாஷிங்டன் காங்கிரஸுக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுதினார்.

ஆறு வாரத்துக்கு 10 டாலர்

அந்த ஆண்டின் கடைசி நாள் ஒரு சினிமா காட்சிக்குச் சமம். டிசம்பர் 26 காலை டெலாவேர் ஆற்றைக் கடந்து, டிரென்டனில் இருந்த ஹெஸ்ஸியன் படையை வாஷிங்டன் திடீரென்று தாக்கினார். ஹெஸ்ஸியன்கள் என்றால் பிரிட்டன் வாடகைக்கு எடுத்த ஜெர்மானிய வீரர்கள். சுமார் 900 பேர் பிடிபட்டார்கள். பல மாதத் தோல்விக்குப் பிறகு கிடைத்த முதல் நல்ல செய்தி அது.

ஆனால் ஜெயித்த வீரர்களில் பெரும்பாலோரின் ஒப்பந்தம் டிசம்பர் 31-ம் தேதியோடு முடிகிறது!

வாஷிங்டன் அவர்களை வரிசையில் நிறுத்தி, இன்னும் 6 வாரம் மட்டும் இருங்கள், ஆளுக்கு 10 டாலர் தருகிறேன் என்றார். முரசு ஒலித்தது. முதல் அழைப்பில் ஒருவர்கூட முன்னால் வரவில்லை என்று, அங்கே இருந்த ஒரு சார்ஜென்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வாஷிங்டன் மறுபடியும் பேசினார். இந்த முறை கெஞ்சாத குறைதான். ஒருவர், இருவர் என்று காலடி எடுத்துவைக்க ஆரம்பித்து, கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தங்கினார்கள். அவர்களை வைத்துத்தான் 1777 ஜனவரி 3-ல் பிரின்ஸ்டனில் அடுத்த வெற்றி வந்தது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், 10 டாலர் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தபோது வாஷிங்டன் கையில் அந்தப் பணம் இல்லை. ஃபிலடெல்ஃபியா வணிகர் ராபர்ட் மோரிஸிடம் அவசரமாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

புதிய ஆஃபர் என்ன?

இதற்குள் காங்கிரஸும் இறங்கி வந்திருந்தது. 1776 செப்டம்பர் 16-ம் தேதி, 88 பட்டாலியன்கள் சேர்க்க முடிவெடுத்தது. போர் முடியும் வரை பணியாற்றுபவருக்கு 20 டாலர் சேர்க்கைத் தொகை, போர் முடிந்ததும் 100 ஏக்கர் நிலம். சாதாரண வீரரின் மாதச் சம்பளம் 7 டாலருக்கும் குறைவுதான் என்பதால், 20 டாலர் என்பது மூன்று மாதச் சம்பளம் மாதிரி. இன்றைய பாஷையில் ஜாயினிங் போனஸ்! ‘போர் முடியும் வரை’ என்றால் யாரும் வர மாட்டேன் என்கிறார்களே என்று, பிறகு 3 ஆண்டு ஒப்பந்தமும் சேர்க்கப்பட்டது. நாம் ஆரம்பத்தில் பார்த்த அந்தக் குழப்பமான வரி இங்கிருந்து வந்ததுதான்.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 20-ல் ராணுவச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. அதிகபட்சமாக 39 ஆக இருந்த கசையடி 100 ஆனது. ஓடினால் மரண தண்டனைகூட உண்டு.

இன்னொரு விஷயம். அந்த 100 ஏக்கர் யாருடைய நிலம்? மேற்கில், பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்த நிலம்தான். காங்கிரஸ் கையில் இன்னும் வராத நிலத்தைத்தான் வீரர்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள். இதன் விலை என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

யார் சேர்ந்தார்கள்?

1775-ல் உணர்ச்சி வேகத்தில் நிலம் உள்ள விவசாயிகளும் கைத்தொழிலாளர்களும் வந்தார்கள். 1777-க்குப் பிறகு படம் மாறியது. நிலம் இல்லாத இளைஞர்கள், கூலியாட்கள், அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த ஏழைக் குடியேறிகள் என்று ராணுவத்தின் முகமே வேறாகிவிட்டது.

காரணம் எளிது. ஒவ்வொரு மாநிலமும் இத்தனை பேர் தர வேண்டும் என்று காங்கிரஸ் கோட்டா வைத்தது. தானாக வருகிறவர்கள் போதவில்லை. அதனால் பல மாநிலங்கள் கட்டாய ஆள் எடுப்பில் இறங்கின. ஆனால் பெயர் வந்தவர் தானே போக வேண்டும் என்று கட்டாயமில்லை. காசு கொடுத்துப் பதிலாளை அனுப்பலாம். வசதி உள்ளவர் காசைக் கொடுத்தார், இல்லாதவர் உயிரைக் கொடுக்கப் போனார்.

இதை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் ஜோசப் பிளம்ப் மார்ட்டின். கனெக்டிகட்டில் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்த பையன். 1776-ல் 15 வயதில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தார். முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டார். 1777-ல் அவர் ஊர்க்காரர்களைச் சொத்து மதிப்பின்படி குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆள் தர வேண்டும் என்றார்கள். ஒரு குழு மார்ட்டினைப் பிடித்தது. எப்படியும் போகத்தான் போகிறோம், முடிந்த அளவு காசாவது வாங்கிக்கொள்வோம் என்று பேரம் பேசிச் சேர்ந்ததாக அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். போர் முடியும் வரை அவர் ஓடவில்லை.

கறுப்பின மக்களின் நிலை என்ன? 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர் பிரபு, கலகக்காரர்களின் அடிமைகள் தன் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அமெரிக்கத் தரப்பில் ஆள் பஞ்சம் முற்றியபோது, 1778 பிப்ரவரியில் ரோட் ஐலண்ட் மாநிலமும் சேரும் அடிமைகளுக்கு விடுதலை, உரிமையாளருக்கு இழப்பீடு என்று சட்டம் போட்டது. போர் முழுவதும் சேர்த்து சுமார் 5,000 கறுப்பினத்தவர் அமெரிக்கத் தரப்பில் பணியாற்றியதாக மதிப்பிடப்படுகிறது.

வர்ஜீனியாவோ நேர் எதிராகப் போனது. 1780-ல் அங்கே வந்த சட்டப்படி, போர் முடியும் வரை பணியாற்றச் சேரும் வெள்ளையருக்கு 300 ஏக்கர் நிலத்தோடு, 10 முதல் 30 வயதுக்குள் உள்ள ஓர் அடிமை அல்லது 60 பவுண்டு தங்கமோ வெள்ளியோ வெகுமதி. சுதந்திரத்துக்காக நடக்கும் போருக்கு, மனிதரையே போனஸாகக் கொடுத்தார்கள்! அதற்குப் பதிலாக அந்தக் கறுப்பின மக்களையே விடுவித்து வீரர்களாக்கலாமே என்று அப்போதே கடிதம் எழுதினார் ஜேம்ஸ் மேடிசன். பிற்காலத்தில் அமெரிக்காவின் 4-வது ஜனாதிபதியான அதே மேடிசன்தான். அவர் பேச்சு எடுபடவில்லை.

சரி, ஏன் ஓடினார்கள்?

ஓடியவர்களில் பெரும்பகுதி புதிதாகச் சேர்ந்தவர்கள். சேர்ந்த சில மாதங்களுக்குள்ளேயே கிளம்பிவிட்டார்கள். முதல் குளிர்காலத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தார்கள்.

காரணங்களில் முதலாவது பசி. 1777-78 குளிர்காலத்தில் வேலி ஃபோர்ஜ் முகாமில் சுமார் 12,000 பேர் தங்கியிருந்தார்கள். அங்கே பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் சுமார் 2,000 பேர் இறந்தார்கள். டைஃபஸ், வயிற்றுப்போக்கு போன்ற நோய்கள்தான் காரணம். போர்வை இல்லை, காலில் செருப்பு இல்லை. சுற்றுவட்டாரத்தில் தானியம் இல்லாமல் இல்லை. மதிப்பில்லாத காகிதப் பணத்தை வாங்க மனமில்லாமல், தங்கம் கொடுத்த பிரிட்டிஷாருக்கு விற்ற விவசாயிகளும் இருந்தார்கள்.

இரண்டாவது குடும்பம். அறுவடை நேரத்தில் வயலைப் பார்க்க ஆள் இல்லை. மனைவியும் பிள்ளைகளும் பட்டினி என்று கடிதம் வரும். சம்பளம் வந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். வரவே இல்லையென்றால்?

மூன்றாவது சேர்க்கைத் தொகை. ஒரு ரெஜிமென்டில் சேர்ந்து பணத்தை வாங்கிக்கொண்டு ஓடுவது, அடுத்த ஊரில் வேறு பெயரில் சேர்ந்து மறுபடியும் வாங்குவது. இதையே தொழிலாகச் செய்தவர்களும் இருந்தார்கள். ஆதார் கார்டு, கைரேகை எதுவும் இல்லாத காலம். மாநிலங்களும் ஊர்களும் போட்டி போட்டுக்கொண்டு தொகையை ஏற்றியதால் இந்தத் திருட்டுக்கு லாபமும் ஏறியது.

ஓடியவர்களைப் பிடிக்கச் செய்தித்தாள்களில் விளம்பரம் வரும். உயரம், முடியின் நிறம், போட்டிருந்த கோட்டு, பேச்சில் உள்ள வட்டார வாடை, பிடித்துத் தருபவருக்கு இவ்வளவு பரிசு என்று எழுதியிருக்கும். மற்றபடி, அக்கம்பக்கத்தார் பலர் கண்டுகொள்ளவில்லை. ‘நம்ம பையன்தானே’ என்ற அனுதாபம் இருந்தது. வாஷிங்டனும் ஒருபக்கம் சிலரைத் தூக்கில் போட்டார், மறுபக்கம் மன்னிப்பும் அறிவித்தார். 1777 ஏப்ரலில், மே 15-க்குள் திரும்பி வருபவர்களுக்குத் தண்டனை இல்லை என்று பிரகடனம் செய்தார்.

இது அமெரிக்கத் தரப்பில் மட்டும் நடந்ததில்லை. எதிரிப் படையிலிருந்து ஓடிவரும் ஹெஸ்ஸியன்களுக்கு 50 ஏக்கர் நிலம் தருவதாக 1776 ஆகஸ்டில் காங்கிரஸே அறிவித்தது. போருக்கு வந்த சுமார் 30,000 ஜெர்மானியர்களில் ஏறத்தாழ 5,000 பேர் ஊருக்குத் திரும்பாமல் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள்.

பணம் காகிதமான கதை

இத்தனைக்கும் அடியில் இருந்தது ஒரே பிரச்சினைதான். காங்கிரஸுக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம். கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. எனவே பணத்தை அச்சடித்துத் தள்ளினார்கள். 1780 மார்ச்சில், 40 காகித டாலருக்கு 1 வெள்ளி டாலர்தான் மதிப்பு என்று காங்கிரஸே ஒப்புக்கொண்டது. 7 டாலர் சம்பளக்காரருக்கு இது என்ன அர்த்தம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1780 மே 25. நியூஜெர்சியில் உள்ள மோரிஸ்டவுன் முகாமில் கனெக்டிகட் வீரர்கள் சோறு கேட்டு ஆயுதத்தோடு அணிவகுத்தார்கள். மார்ட்டினும் அதில் இருந்தார். அவர்களைச் சுற்றி வளைக்க பென்சில்வேனியா படையைக் கூட்டி வந்தார்கள். என்ன பிரச்சினை என்று தெரிந்ததும், ‘நாமும் சேர்ந்துக்கலாம்’ என்று அந்தப் படையிலேயே குரல் கேட்டதாம். அதிகாரிகள் அவசரமாக அவர்களைத் திருப்பி அழைத்துப் போனார்கள் என்கிறார் மார்ட்டின்.

ஏழு மாதம் கழித்து அந்தப் பென்சில்வேனியாக்காரர்களின் முறை வந்தது. 1777-ல் 20 டாலருக்குச் சேர்ந்த பழைய ஆட்களின் 3 ஆண்டு முடிந்துவிட்டது. ஆனால் விடவில்லை. புதிதாகச் சேர்பவர்களுக்கோ காகிதம் இல்லாமல் நாணயமாகவே தொகை. பொறுமை போனது. 1781 ஜனவரி 1 இரவு துப்பாக்கியோடும் பீரங்கியோடும் கிளம்பினார்கள். தடுக்கப்போன ஆடம் பெட்டின் என்ற கேப்டன் கொல்லப்பட்டார். தளபதி ஆன்டனி வெய்னுக்கு அன்று 36-வது பிறந்தநாள். அவர் பேச்சும் பலிக்கவில்லை.

ஆனால் அவர்கள் ஆளுக்கொரு திசையில் ஓடவில்லை. சார்ஜென்ட்கள் குழு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்காக அணிவகுத்து பிரின்ஸ்டன் போய், அரசோடு பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தார்கள். வாய்ப்பை விடுவாரா பிரிட்டிஷ் தளபதி ஹென்றி கிளின்டன்? எங்கள் பக்கம் வாருங்கள், பாக்கிச் சம்பளத்தை நாங்கள் தருகிறோம் என்று ஆள் அனுப்பினார். வந்த இருவரையும் கலகக்காரர்கள் பிடித்து அமெரிக்க அதிகாரிகளிடமே ஒப்படைத்துவிட்டார்கள். ஜனவரி 11-ல் அந்த இருவரும் தூக்கிலிடப்பட்டனர். பிடித்துக் கொடுத்ததற்காக அறிவித்த தங்கக் காசுகளையும் சார்ஜென்ட்கள் வாங்கவில்லை.

அவர்கள் கேட்டது ஒப்பந்தப்படி விடுதலையும் உழைத்த காசும்தான். பென்சில்வேனியா அரசு இறங்கி வந்தது. தாள் இல்லாதவர்களின் சத்தியமே போதும் என்று ஏற்றுக்கொண்டு, சுமார் 1,300 பேரை விடுவித்தது. அவர்களில் பலர் பிறகு மறுபடியும் படையில் சேர்ந்தார்கள்.

இதைப் பார்த்து ஜனவரி 20-ல் நியூஜெர்சி வீரர்களும் கலகத்தில் இறங்கினார்கள். இந்த முறை வாஷிங்டன் பேசவில்லை. படை அனுப்பி வளைத்தார். தலைவர்கள் இருவரைச் சுட்டுக் கொல்ல உத்தரவு. சுடும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் அவர்களின் சக கலகக்காரர்கள்!

அதே ஆண்டு அக்டோபரில் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸின் படை சரணடைந்தது. பிற்காலத்தில் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து திப்பு சுல்தானோடு மோதினாரே, அதே கார்ன்வாலிஸ்தான். போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பாக்கி மட்டும் முடியவில்லை.

நாடாளுமன்றமே ஊரைக் காலி செய்தது

1783 ஜூனில் வீரர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் கிடைத்தது பணம் இல்லை, பிறகு தருகிறோம் என்ற சீட்டு. ஊர் போய்ச் சேரவே காசில்லாதவர்கள், அந்தச் சீட்டுகளை முகமதிப்பில் ஒரு சிறு பங்குக்கு வியாபாரிகளிடம் விற்றார்கள்.

ஜூன் 21-ம் தேதி, சுமார் 400 வீரர்கள் சம்பளம் கேட்டு ஃபிலடெல்ஃபியாவில் காங்கிரஸ் கூடியிருந்த கட்டிடத்தைச் சுற்றி வளைத்தார்கள். மாநில அரசு ஊர்க்காவல் படையை அனுப்ப மறுத்தது. வேறு வழியில்லாமல் காங்கிரஸ் பிரின்ஸ்டனுக்கு இடம் மாறியது. எந்த மாநிலத்தையும் சாராத ஒரு தலைநகர் தேவை என்ற எண்ணத்துக்கு இந்தச் சம்பவம் வலு சேர்த்தது. வாஷிங்டன் டி.சி. இன்றும் எந்த மாநிலத்திலும் சேராமல் தனியாக இருப்பதன் பின்னணியில் இந்தச் சம்பளப் போராட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

1784 ஜூன் 2-ல் காங்கிரஸ் மிச்சமிருந்த ராணுவத்தையும் கலைத்தது. ஃபோர்ட் பிட்டில் 25 பேர், வெஸ்ட் பாயின்டில் 55 பேர். மொத்தம் 80 பேர், அதுவும் கிடங்குக் காவலுக்கு!

கேப்டன் ஷேஸ் எதற்காகத் துப்பாக்கி எடுத்தார்?

ஊருக்குத் திரும்பிய வீரர்களுக்கு அடுத்த அடி காத்திருந்தது. போர்க் கடனை அடைக்க மாசசூசெட்ஸ் அரசு கடும் வரி போட்டது. அதையும் நாணயமாகக் கட்டச் சொன்னது. சம்பளம் காகிதத்தில், வரி வெள்ளியில்! கட்ட முடியாதவர்களின் மாடும் நிலமும் ஏலத்துக்குப் போயின. சிலர் கடனுக்காகச் சிறைக்கே போனார்கள்.

1786 ஆகஸ்ட் 29-ல் நார்தாம்ப்டன் நீதிமன்றத்தை மக்கள் கூட்டமாக வந்து முடக்கினார்கள். நீதிமன்றம் நடக்காவிட்டால் ஜப்தி நடக்காது என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கிளர்ச்சிக்குப் பெயர் கொடுத்தவர் டேனியல் ஷேஸ். கான்டினென்டல் ஆர்மியில் கேப்டனாக இருந்த விவசாயி.

அரசு ஊர்க்காவல் படையைக் கூப்பிட்டது. ஆனால் கூப்பிட்டு வந்தவர்களும் அதே கடனாளி விவசாயிகள்தானே? கிரேட் பாரிங்டனில் நீதிமன்றத்தைக் காக்க வந்த படையில் பெரும்பாலோர் அங்கேயே கிளர்ச்சியாளர்கள் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். காங்கிரஸ் 1,340 பேர் கொண்ட படை திரட்ட முடிவெடுத்தது. மாநிலங்கள் பணம் தராததால் அது காகிதத்தோடு நின்றது. கடைசியில் பாஸ்டன் பணக்காரர்கள் சொந்தக் காசைப் போட்டுத் திரட்டிய படைதான், ஜெனரல் பெஞ்சமின் லிங்கன் தலைமையில் கிளம்பியது.

1787 ஜனவரி 25-ல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதக் கிடங்கைப் பிடிக்க ஷேஸ் ஆட்கள் வந்தபோது, அங்கிருந்த ஊர்க்காவல் படை பீரங்கியால் சுட்டது. 4 பேர் பலி. பிப்ரவரி 4-ல் பனிப்புயலுக்கு நடுவே லிங்கன் படை மிச்சமிருந்தவர்களைச் சிதறடித்தது. ஷேஸுக்கு 1788-ல் மன்னிப்பு கிடைத்தது.

அரசியலமைப்பில் என்ன மாறியது?

1787 மே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் அரசியலமைப்பு மாநாடு கூடியபோது இந்தக் கிளர்ச்சி எல்லோர் நினைவிலும் பசுமையாக இருந்தது. படை திரட்டவும், அதற்குச் சம்பளம் கொடுக்க வரி போடவும் மத்திய அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. பழைய பயமும் விட்டுப்போகவில்லை. அதனால்தான் ராணுவத்துக்கான நிதி ஒதுக்கீடு ஒரே தடவையில் 2 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு கடிவாளம். அந்த விதி இன்றும் அப்படியே இருக்கிறது.

அப்படியானால் வீரர்களின் பாக்கி? 1790-ல் நிதித்துறைச் செயலாளர் அலெக்சாண்டர் ஹாமில்டன், பழைய கடன் சீட்டுகளுக்கு முழு மதிப்பைக் கொடுக்கலாம் என்றார். ஆனால் அது இப்போது யார் கையில் சீட்டு இருக்கிறதோ அவருக்கு. அடிமாட்டு விலைக்கு விற்ற வீரருக்கும் ஒரு பங்கு போகட்டும் என்று வாதாடினார் மேடிசன். யார் யாரிடம் விற்றார்கள் என்று தேடுவது சாத்தியமில்லை, கைமாறிய சீட்டைச் செல்லாது என்றால் நாளைக்கு அரசை நம்பி யார் கடன் கொடுப்பார்கள் என்பது எதிர்வாதம். மேடிசனின் தீர்மானம் பெரிய வித்தியாசத்தில் தோற்றது. நாட்டின் கடன் நாணயம் உயர்ந்தது. லாபம் வியாபாரிகளுக்குப் போனது.

பாடம் உடனே படிந்ததா?

இல்லை. மேற்கில் வாக்களித்த நிலங்களுக்காக அரசு பூர்வகுடிகளோடு போருக்குப் போனது. சாதாரண வீரரின் சம்பளத்தை 1790-ல் 3 டாலராகக் குறைத்தார்கள். அதிலும் துணிக்கும் மருந்துக்கும் பிடித்தம் உண்டு. அந்தச் சம்பளத்துக்கு வந்தவர்களையும் ஆறு மாத ஒப்பந்தக்காரர்களையும் வைத்து 1791-ல் ஜெனரல் ஆர்தர் செயின்ட் கிளேர் ஒஹையோ காட்டுக்குள் நடந்தார். வழியெல்லாம் ஆட்கள் கழன்றுகொண்டே இருந்தார்கள். அக்டோபர் கடைசியில் ஊர்க்காவல் படையினர் ஒரு கும்பலாக ஓடினார்கள். பின்னால் வரும் உணவு வண்டிகளை அவர்கள் கொள்ளையடித்துவிடுவார்களோ என்று பயந்து, தன்னிடம் இருந்ததிலேயே தேர்ந்த ரெஜிமென்டை அவர்கள் பின்னால் அனுப்பினார் ஜெனரல்.

அது திரும்புவதற்குள், நவம்பர் 4 காலை, மியாமி இனத்தின் லிட்டில் டர்ட்டில், ஷானி இனத்தின் புளூ ஜாக்கெட் ஆகியோர் தலைமையிலான கூட்டணி தாக்கியது. 600-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் பலி. பூர்வகுடிகளிடம் அமெரிக்க ராணுவம் சந்தித்த மிகப் பெரிய தோல்வி இன்றுவரை இதுதான். அரசு நிர்வாகத்தை நாடாளுமன்றம் விசாரித்த முதல் சம்பவமும் இதுவே. ஒழுங்கான பயிற்சியும் நீண்ட கால ஒப்பந்தமும் உள்ள படையைத் திரட்ட அடுத்த ஆண்டு ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1781-ல் கலகத்தைக் கண்ணால் பார்த்த அதே ஆன்டனி வெய்ன்! 1794-ல் ஃபாலன் டிம்பர்ஸ் சண்டையில் அந்தப் படை வென்றது. ஒஹையோ நிலத்தைப் பூர்வகுடிகள் இழந்தார்கள்.

ஓடாதவருக்கு என்ன கிடைத்தது?

போர் முடியும் வரை நின்ற ஜோசப் பிளம்ப் மார்ட்டின், பிறகு மெய்ன் பகுதியில் குடியேறி ஒரு நிலத்தைத் திருத்திப் பயிர் செய்தார். அந்த நிலம் எனக்குச் சொந்தம் என்று உரிமை கொண்டாடியவர் ஹென்றி நாக்ஸ். போரில் வாஷிங்டனின் பீரங்கிப் படைத் தளபதி, பின்னாளில் நாட்டின் முதல் போர்த்துறைச் செயலாளர். தீர்ப்பு நாக்ஸ் பக்கம் போனது.

1818-ல், ஏழ்மையில் வாடும் முன்னாள் வீரர்களுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது. போர் முடிந்து 35 ஆண்டுகளுக்குப் பிறகு! உழைத்துப் பிழைக்க உடம்பில் தெம்பில்லை, சொத்து என்று எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்து, மாதம் 8 டாலர் ஓய்வூதியம் பெற்றார் மார்ட்டின். கிளர்ச்சி செய்த ஷேஸுக்கும் அதே ஆண்டில் ஓய்வூதியம் கிடைத்தது.

1830-ல் பெயர் போடாமல் வெளியிட்ட புத்தகத்தில் மார்ட்டின் இதையெல்லாம் எழுதினார். வீரர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள், நாடுதான் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்பதே அவருடைய குறை. ஓடிப்போனவர்களின் பெயரும் அங்க அடையாளமும் அந்தக் காலச் செய்தித்தாள்களில் அச்சாகியிருக்கின்றன. வாக்கு மாறியவர்களைத் தேடி அப்படி எந்த விளம்பரமும் வரவில்லை.